வெட்டுப்புள்ளி குறைந்தால் படிப்பும் இலகுவா?

கேள்வி: மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு, தமிழ் மொழி மூலம். இணைந்த கணிதத்துக்கு பி, பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் சி. இது முதல் தடவை. பொறியியல் கிடைப்பது சந்தேகம், பௌதிக விஞ்ஞானமோ நில அளவை விஞ்ஞானமோ கிடைக்கலாம் என்று சேர் சொல்கிறார். மாமாவோ, "பௌதிக விஞ்ஞானத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு, அதனால் படிக்கவும் லேசு. இன்ஜினியரிங் கிடைத்தாலும் அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம்" என்கிறார். அண்ணன் பேராதனையில் கலைப்பீடத்தில் இருக்கிறான். அவன் படிப்பதை வீட்டில் யாரும் படிப்பாகவே எடுப்பதில்லை. அம்மா கொழுந்து எடுக்கிறார். பாதியில் நின்றுபோகிற படிப்பு ஒன்றை எடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு இங்கிலீஷும் அவ்வளவாக வராது. எந்தப் பட்டப்படிப்பு கடினம், எது இலகு என்று வரிசைப்படுத்திச் சொல்வீர்களா?

பதில்: மகள், மாமா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களைப் போலக் கடிதம் எழுதுகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வீட்டில் இதே பேச்சுத்தான் நடக்கிறது. புள்ளி அதிகம் கேட்கிற படிப்பு கடினம், குறைவாகக் கேட்கிற படிப்பு இலகு என்று நினைக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டுப்புள்ளிக்கும் வகுப்பறைக்குள் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

வெட்டுப்புள்ளி என்பது அந்தக் கற்கைநெறிக்குக் கடைசியாக உள்ளே போன ஆளின் இசட் புள்ளி, அதாவது வேறு வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாகத் தரப்படுத்தி எடுத்த எண். அவ்வளவுதான். எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை பேர் அதை முதல் விருப்பமாகப் போட்டார்கள், அந்த வருடம் விண்ணப்பித்தவர்கள் யார் யார் என்பவைதான் அதை ஏற்றி இறக்குகின்றன. இடம் குறைந்து ஆசைப்படுகிறவர்கள் கூடினால் அது ஏறும். இன்னொன்றையும் பாருங்கள். கலைப்பிரிவை விட்டால், பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. அதனால் ஒரே மருத்துவபீடத்துக்குக் கொழும்புப் பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளி, நுவரெலியாப் பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த வெட்டுப்புள்ளி. உள்ளே போனபின் இருவரும் படிப்பது ஒரே உடற்கூற்றியல், எழுதுவது ஒரே வினாத்தாள். ஒரே படிப்புக்கே மாவட்டத்துக்கு மாவட்டம் எண் மாறுகிறது என்றால், அந்த எண் படிப்பின் கடினத்தை எப்படி அளக்கும்?

இப்போது பௌதிக விஞ்ஞானத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் பெரிய தவறான கணக்கு இங்கேதான் போடப்படுகிறது. பொறியியலை விட வெட்டுப்புள்ளி குறைவாக இருப்பது உண்மை. ஆனால் கணிதம் என்று மட்டும் பார்த்தால், பௌதிக விஞ்ஞானத்தில் தூய கணிதம் எடுக்கிற பிள்ளை பொறியியல் மாணவரை விட ஆழமான தண்ணீரில் இறங்குகிறது.

உயர்தரத்தில் நீங்கள் வகையீடும் தொகையீடும் செய்தீர்கள். விதி தெரியும், பயிற்சி இருக்கிறது, கணக்கைப் பார்த்ததும் எந்த வழி என்று கை சொல்லிவிடும். அந்த முறைகள் 17 ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்ஸும் உருவாக்கியவை. பல்கலைக்கழகத்தின் தூய கணித வகுப்பில் கேட்கப்படுவதோ, 19 ஆம் நூற்றாண்டில் கோஷி, வையர்ஸ்ட்ராஸ் என்ற கணித அறிஞர்கள் கேட்ட கேள்வி: இந்த முறை ஏன் சரியாக வருகிறது? எல்லை என்று நீங்கள் சொல்வது துல்லியமாக என்ன? ஓர் எண்வரிசை ஓர் எண்ணை நெருங்குகிறது என்றால், எவ்வளவு சிறிய இடைவெளியை எதிராளி தந்தாலும் ஏதோ ஓர் உறுப்புக்குப் பிறகு வரும் எல்லா உறுப்புகளும் அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கும் என்று நிறுவிக் காட்ட வேண்டும். கணக்குச் செய்து விடை எடுக்கிற வேலை அங்கே சிறு பங்குதான். வசனம் வசனமாக வாதத்தைக் கட்ட வேண்டும், ஒரு வசனம் ஆடினால் முழுவதும் விழும்.

ஒரு வளைகோட்டை இடைவெளியில்லாமல் வரைய முடிந்தால், ஆங்காங்கே சில கூர் முனைகளைத் தவிர மற்ற இடங்களில் அதற்குத் தொடலி இருக்கும் என்றுதானே நமக்குத் தோன்றும்? 1872 இல் வையர்ஸ்ட்ராஸ் ஒரு சார்பை முன்வைத்தார். எங்கும் தொடர்ச்சியானது, எந்த ஒரு புள்ளியிலும் வகையிட முடியாதது. படத்தைப் பார்த்து நம்புகிற பழக்கத்தை விட்டு, நிறுவலை மட்டும் நம்பப் பழக வேண்டிய இடம் அது. உயர்தரத்தில் ஏ எடுத்த பிள்ளைகளும் முதல் வருடத்தில் இங்கே திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பி, சி எடுத்தவர்களில் சிலர் இதைப் பிடித்துக்கொண்டு சிறப்புப் பட்டத்துக்குப் போனதும் உண்டு. இது வேறு வகைத் திறமை, உயர்தர வினாத்தாள் அதை அவ்வளவாக அளப்பதில்லை. ஆக மாமா சொல்கிற "லேசு" இதற்குப் பொருந்தாது.

இன்னொரு பக்கமும் உண்டு. பௌதிக விஞ்ஞானத்தில் பாடத் தெரிவு இருக்கிறது. தூய கணிதம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம், இரசாயனவியல் என்று சேர்க்கைகளை மாற்றி எடுக்கலாம், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சேர்க்கைகள் வேறுபடும். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வரவும் வழி உண்டு, பெறுபேறு நன்றாக இருந்தால் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கும் போகலாம். நீங்கள் பயப்படுகிற அந்தப் "பாதியில் நிற்கிற" ஆபத்துக்கு இந்த நெகிழ்வு ஒரு பாதுகாப்பு.

பொறியியலின் கஷ்டம் வேறு மாதிரி. அங்கே கணிதம் கருவி. வகையீட்டுச் சமன்பாட்டை ஏன் தீர்க்க முடிகிறது என்பதை விட, பாலம் எந்தச் சுமையில் வளையும் என்று அதை வைத்துச் சொல்ல வேண்டும். சிக்கல் எங்கே என்றால், பாடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. முதல் வருடக் கணிதத்தையும் பொறிமுறையையும் அரைகுறையாக விட்டால் இரண்டாம் வருடத்துப் பாய்மப் பொறியியலில் மாட்டிக்கொள்வீர்கள். கிழமை முழுக்க விரிவுரை, ஆய்வுகூடம், அறிக்கை எழுதுவது, வரைபடம். பேராதனையிலும் மொறட்டுவையிலும் எல்லோரும் பொதுவாகத் தொடங்கி, ஆரம்பப் பெறுபேறுகளை வைத்துத்தான் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பிரிகிறார்கள். ஆக இங்கிலீஷோடு மல்லுக்கட்டுகிற அதே மாதங்களில் எடுக்கும் புள்ளிதான் துறையையும் தீர்மானிக்கிறது. தமிழ் மொழி மூலம் படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு இது பெரிய அழுத்தம். அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த முதல் மாதங்களுக்கு இப்போதே தயாராகலாம், எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

மருத்துவம் உங்கள் பிரிவில் இல்லாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் அதில் புரியவே புரியாத விடயங்கள் அதிகம் இல்லை. அளவுதான் மனிதரை வாட்டும். ஐந்து வருடம், அதற்குப் பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. நினைவாற்றலும் உடல் தெம்பும் மனத் தெம்பும் வேண்டும்.

அண்ணனைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கலைப்பீடத்தில் சித்தி அடைவது ஒப்பீட்டளவில் இலகு என்பதை நான் மறுக்கமாட்டேன். நேர அட்டவணையில் இடைவெளி அதிகம், ஆய்வுகூடம் இல்லை, தமிழிலும் படிக்கலாம், எழுதலாம். ஆனால் முதல் வகுப்புப் பெறுவது இலகு என்று யாராவது சொன்னால் அவர் அந்த வினாத்தாளைப் பார்த்ததில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் சொன்னதையும், சேனாவரையர் எங்கே எதற்காக அதை மறுக்கிறார் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும், யார் பக்கம் நியாயம் என்று தன் வாதத்தை எழுத வேண்டும். புவியியல் எடுத்தவருக்குச் செய்மதிப் படங்களும் புள்ளிவிபரவியலும் வரும். மெய்யியலில் தர்க்கம் வரும். சமூகவியலில் தமிழில் எழுதலாம்தான், ஆனால் வாசிக்க வேண்டிய நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் வந்திருப்பது குறைவு. கணக்கில் விடை சரியா பிழையா என்று நமக்கே தெரிந்துவிடும். கட்டுரையில் அது தெரியாது. "இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம்" என்பதற்கு முடிவே இல்லை. அதுவும் ஒரு கஷ்டம், மேசையில் தனியாக உட்கார்ந்து சமாளிக்கிற கஷ்டம். அடுத்த முறை அண்ணன் வீட்டுக்கு வரும்போது என்ன வாசிக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சரி, கடினத்தை அளக்க யாரும் முயலவில்லையா? முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் மாணவர் ஈடுபாடு பற்றி வருடந்தோறும் தேசிய மட்டத்தில் ஒரு கருத்துக்கணிப்பு நடக்கிறது. 2011 இல் வெளியானதன்படி, இறுதி வருடப் பொறியியல் மாணவர்கள் வகுப்புக்கு வெளியே கிழமைக்குச் சராசரியாக 19 மணித்தியாலம் படிப்புக்குச் செலவிட்டார்கள். வணிகமும் சமூக விஞ்ஞானமும் படித்தவர்கள் 14 மணித்தியாலம். வித்தியாசம் உண்டு, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. அதுவும் வேலையின் அளவைத்தான் சொல்கிறது, விளங்கிக்கொள்வதில் உள்ள சிரமத்தைச் சொல்வதில்லை. ஒரு நிறுவலின் முன்னால் அரை மணித்தியாலம் உட்கார்ந்தே களைத்துப்போகலாம்.

வரிசை கேட்டீர்கள் என்பதற்காக என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விளங்கிக்கொள்ளக் கடினம் என்றால் தூய கணிதமும் பௌதிகவியலும். சுமை என்றால் மருத்துவம். நேரமும் கணிதமும் சேர்ந்து நெருக்குவது பொறியியலில். மிகச் சிறப்பாகச் செய்யக் கடினம் என்றால் கலைப்பீடத்துச் சிறப்புப் பாடங்களையும் இவற்றோடு சேர்ப்பேன்.

நில அளவை விஞ்ஞானம் பற்றி நம் பக்கத்தில் அவ்வளவாகப் பேசுவதில்லை, அது எனக்குக் கவலை. பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. கணிதத்தில் பி எடுத்த உங்களுக்கு நன்றாகப் பொருந்தக்கூடிய படிப்பு. ஒரே தூரத்தைப் பல தடவை அளந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறுபட்டு வரும். அதிலிருந்து நம்பத்தக்க ஓர் எண்ணை எடுப்பதற்கான இழிவு வர்க்க முறையை லெஜான்டர் என்ற கணித அறிஞர் 1805 இல் வெளியிட்டார், அது இந்தப் படிப்பின் அடித்தளங்களில் ஒன்று. செய்மதி, வரைபடம், கணினி எல்லாம் வரும். வெளியே போய் வெயிலிலும் மழையிலும் அளக்கவும் வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்கு இது சரிவராது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அம்மா மழையிலும் பனியிலும் மலையேறி வேலை செய்துதானே உங்களைப் படிக்கவைத்தார்.

உங்களுக்கு உண்மையில் தடையாக வரக்கூடியதைக் கடிதத்தின் முடிவுக்குச் சற்று முன்னால் எழுதியிருக்கிறீர்கள்: இங்கிலீஷ். விஞ்ஞானம், பொறியியல், நில அளவை எல்லாமே ஆங்கிலத்தில்தான். நம் மலையகத்திலிருந்து போய் முதல் வருடத்தில் தடுமாறுகிற பிள்ளைகளைப் பார்த்தால், பாடம் விளங்காததை விட விரிவுரையாளர் சொன்னது காதில் ஏறாததும், ஏறவில்லை என்று கேட்கக் கூச்சப்படுவதும்தான் பெரிய காரணமாக இருக்கிறது. தமிழ் மொழி மூலம் கணித, விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் நம் பக்கம் குறைவு, ஆசிரியர்களும் குறைவு. அந்த நிலையில் நீங்கள் எடுத்த பி, சி, சி சின்ன விடயமே இல்லை. மொழியால் மட்டும் அது வீணாகக் கூடாது.

பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். பொது ஆங்கில வகுப்புக்குப் போவது நல்லது, ஆனால் அதை விடப் பயனுள்ளது ஒன்று இருக்கிறது. உயர்தரக் கடந்தகால வினாத்தாள்கள் மூன்று மொழிகளிலும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே செய்த பௌதிகவியல் தாளின் ஆங்கிலப் பிரதியை எடுங்கள். தமிழ்த் தாளைப் பக்கத்தில் வையுங்கள். விடை உங்களுக்குத் தெரியும், விடயம் தெரியும், ஆங்கில வசனம் மட்டும்தான் புதிது. ஒரு நாளைக்கு ஐந்து வினா போதும். தேசிய கல்வி நிறுவகத்தின் வள நூல்களையும் இப்படியே இரண்டு மொழியிலும் வைத்து வாசிக்கலாம். உந்தம், முறுக்கம், சடத்துவத் திருப்பம் என்று நீங்கள் பழகிய சொற்களுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று ஒரு கொப்பியில் நீங்களே எழுதி வையுங்கள். அப்புறம், பார்த்து விளங்கிக்கொள்வதோடு நிற்காமல், ஒவ்வொரு நாளும் ஒரு விடையையாவது ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், வாய்விட்டும் சொல்லுங்கள்.

தூய கணிதம் உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் விரிவுரைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கணித விரிவுரை ஒன்றிரண்டைப் பாருங்கள். முழுக்க விளங்க வேண்டியதில்லை. பார்த்து முடிந்ததும், "இது ஏன் இப்படி?" என்று இன்னும் தெரிந்துகொள்ள ஆசை வருகிறதா, அல்லது "இதை வைத்து என்ன செய்யலாம்?" என்று மனம் போகிறதா? முதலாவது என்றால் பௌதிக விஞ்ஞானம். இரண்டாவது என்றால் பொறியியலும் நில அளவையும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கு அதுவும் காரணமாகிறது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசில் அல்லது பர்சரி என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், உங்கள் குடும்ப வருமானத்துக்கு இதில் ஒன்று கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த விண்ணப்பத்தைத் தாமதிக்க வேண்டாம். கிராம சேவகரின் சான்றிதழையும் வருமான ஆவணங்களையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஆனால் அந்தப் பணம் மட்டும் எல்லாச் செலவுக்கும் போதாது. அண்ணனுக்குக் கிழமை நாட்களில் டியூஷன் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்க நேரம் கிடைக்கலாம். ஆய்வுகூடம் உள்ள படிப்பில் உங்களுக்கு அது கிடைக்காது. இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள், மூன்றாவது மாதத்தில் பேச வேண்டி வரக்கூடாது. பரீட்சையில் ஒரு பாடம் தவறினால் மீண்டும் எழுதலாம், ஆனால் பல பீடங்களில் மீள எழுதும் பாடத்துக்கு சி தரத்துக்கு மேல் தரமாட்டார்கள். வரவுக்கும் பல இடங்களில் 80 வீதம் என்ற நிபந்தனை உண்டு. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வந்து கிழமைக்கணக்கில் நின்றுவிடுகிற பழக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, விண்ணப்பம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை முழுக்க வாசியுங்கள், தமிழிலும் இருக்கிறது. விருப்ப வரிசையை ஆசைப்படுகிற ஒழுங்கிலேயே நிரப்புங்கள். பொறியியலை முதலாவதாகப் போட்டு அது கிடைக்காமல் போனாலும், அடுத்த விருப்பத்துக்கு உங்கள் இடம் அதனால் குறையாது. கிடைக்கிற சாத்தியத்தைப் பார்த்து முதல் விருப்பத்தை மாற்றுவதுதான் பிள்ளைகளுக்கு நட்டம்.

மாமா என்ன சொன்னாலும் பொறியியல்தான் உங்களுக்கு வேண்டும் என்றால், இரண்டாவது தடவை எழுதுவது நியாயமான முடிவு. மொத்தம் மூன்று தடவை எழுதலாம். இரசாயனவியலையும் பௌதிகவியலையும் ஒவ்வொரு படி ஏற்றினால் நிலைமை மாறும். ஆனால் ஒரு கற்கைநெறியில் பதிவு செய்துவிட்டால், பிந்திய பெறுபேற்றோடு மறுபடி விண்ணப்பிப்பதில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. கையேட்டில் அந்தப் பகுதியைச் சேரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டே பதிவுக் கடிதத்துக்குப் பதில் அனுப்புங்கள். பௌதிக விஞ்ஞானமோ நில அளவையோ மனதுக்குப் பிடித்திருந்தால் ஒரு வருடத்தைக் காத்திருக்கச் செலவழிக்க வேண்டாம், இந்த வருடமே போங்கள்.

என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். அந்தக் கற்கைநெறியில் ஏற்கெனவே படிக்கிற நம் பக்கத்துப் பிள்ளை யாரையாவது தேடிப்பிடித்து, முதல் வருடக் குறிப்புகளைக் கேட்டு வாங்க என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.